வேட்டி கட்டிய வெளியுறவு

மாமல்லபுரம் அர்ஜுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை இருக்கிறது. முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நம்பி நிற்கின்றன. 2019 அக்டோபர் 11 மாலை பிரதமர் மோடி சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு விளக்கிக் காட்டியது இந்தப் பாறையைத்தான். பூனையைக் காட்டினாரோ என்னவோ.

ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. பிரதமர் வேட்டி கட்டினார். ஐந்து ரதம் பக்கம் காய்கறி, பழங்களால் அலங்கார வளைவு. குடிக்க இளநீர். வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் கைகோத்து போட்டோ. மறுநாள் காலை கோவளம் கடற்கரையில் பிரதமரே குப்பை பொறுக்கினார், வீடியோ சகிதம். ஊரில் கடைகளைச் சாத்தச் சொன்னார்கள். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். படகில் வலை கொண்டு போகிறவனைக் கண்டால் பெய்ஜிங் நடுங்குமாம்.

நாடே இல்லாதவர்களுக்குக் கூடுதல் கவனிப்பு. திபெத்தியக் கவிஞர் தென்சின் சுண்டுவை, ஷி வருவதற்கு முன்பே போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. சென்னையில் திபெத்திய மாணவர்களையும் அள்ளிக்கொண்டு போனது. சீனப் போலீஸ் செய்ய வேண்டிய வேலையை நம் காக்கிச்சட்டை, நம் வரிப்பணத்தில், செய்து கொடுத்தது. ஜனநாயகம் என்று மார்தட்டிக்கொண்டே.

எட்டு மாதம் கழித்து, லடாக் எல்லையில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் மோதல். 20 வீரர்கள் செத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அதில் ஒருவர். பதிலடியாக டிக்டாக்கைத் தடை செய்தோம். சரக்கு வாங்குவதை மட்டும் விடவில்லை. 2024-25இல் சீனாவுடன் நம் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர்.

சரி, சீனா கடவுள் இல்லாத ஆட்சி. கடவுள் பேரால் ஆள்கிறவர்களிடமாவது நம் முதுகெலும்பு நிமிர்ந்ததா? சவூதி ஆட்சியை விமர்சித்த பத்திரிகையாளர் கஷோகியை இஸ்தான்புல்லில் சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொன்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2019 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்துக்கே போய்ச் சவூதி இளவரசரைக் கட்டிப்பிடித்தார் பிரதமர். சவூதிக்கு ஆகாத ஈரானும் நமக்கு நண்பர்தான். மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்குப் பங்கு உண்டு. அமெரிக்கா கண்ணை உருட்டியதும் 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெயை நிறுத்தினோம். அங்கே பெண்களை முக்காட்டுக்காக அடிப்பது அப்போதும் நம் கண்ணில் படவில்லை.

2025 அக்டோபரில் தலிபான் அமைச்சர் முத்தகி டெல்லி வந்தார். ஆப்கன் தூதரகத்தில் நிருபர்களைச் சந்தித்தார். பெண் நிருபர்களுக்கு அனுமதியில்லை. இந்தியத் தலைநகரில்! எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது வெளியுறவுத் துறை. நாறிய பிறகு, இரண்டாம் சந்திப்பில் பெண்களுக்கு நாற்காலி கிடைத்தது. ஆப்கானிஸ்தானில் மதத்தின் பேரால் கொடுமை நடக்கிறது என்று 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியதும் இதே அரசுதான். (அந்தத் திருத்தத்தில், முகாம்களில் கிடக்கும் ஈழத் தமிழருக்கு இடமில்லை.)

எல்லை இருக்கிறது, எண்ணெய் வேண்டும், பேசத்தான் வேண்டும். பேசுங்கள். வாங்கித் தொலையுங்கள். அதைப் பண்பாடு, பல்லவர், ஈராயிரம் ஆண்டு உறவு என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள். அடுத்த விருந்தாளி வரும் நாளில் மாமல்லபுரத்து மீனவர் கடலுக்குப் போகட்டும். எதிர்க்கிறவர் ரோட்டோரம் நின்று கறுப்புக்கொடி காட்டட்டும். அதைக் காணப் பொறுக்காத விருந்தாளி வரவே வேண்டாம்.