மறக்கப்பட்ட பாடகரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே ஒரு பாட்டோடு நின்றுபோன பழைய ராக் காலத்துப் பாடகரைக் கண்டெடுத்து ஊருக்கு அறிமுகப்படுத்துவது சுலபமான வேலை. காசு செலவில்லை. காதுகூடப் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் முறைப்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நமக்கு முன்பே நாலு பேர் கண்டுபிடித்துவிட்ட சங்கதி வெளியே வந்துவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். எல்விஸ், சக் பெர்ரி பக்கம் கூட்டம் அதிகம். நேராக 1959-க்கு, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் போங்கள். லேக் சார்ல்ஸ் என்ற ஊரில், ஹோட்டலுக்கு வருகிறவர்களின் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார் ஜான் ஃபிலிப் பாப்டிஸ்ட். ஒரு பெண் அவருடைய காதலை நம்ப மறுத்தாள். நம்ப வைப்பதற்காக ‘சீ ஆஃப் லவ்’ என்று ஒரு பாட்டு எழுதினார். உள்ளூரில் ரெக்கார்டு கடை நடத்திய ஜார்ஜ் கூரி அதைப் பதிவு செய்து வெளியிட, பிறகு பெரிய கம்பெனியான மெர்க்குரி எடுத்துக்கொண்டது. பாப்டிஸ்ட், ஃபில் பிலிப்ஸ் ஆனார். பில்போர்டு பட்டியலில் பாட்டு 2-ஆம் இடம், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். பத்து லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. அடுத்து வந்தவை எதுவும் எடுபடவில்லை. நமக்கு வேண்டியதும் அதுதானே!

இனிப் பாட்டைக் கேட்டாக வேண்டும். தப்பிக்க வழியில்லை, நல்லவேளையாக இரண்டரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பியானோ ஒரே நடையில் மும்மூன்று தட்டாக நகர்ந்துகொண்டிருக்கும். பின்னணிக் குரல்கள் வார்த்தைக்கு வேலை வைக்காமல் ‘ஊ’ என்று இழுக்கும். அதன் மேல் ஃபில் பிலிப்ஸ், கெஞ்ச வந்தவர் மாதிரியே இல்லாமல், குரலை உயர்த்தாமல், அவசரமே படாமல் பாடுவார். அவள் எப்படியும் வந்துவிடுவாள் என்ற தைரியம் அந்தக் குரலில் இருக்கிறது. (கேலி இருக்கட்டும், நிஜமாகவே அருமையான பாட்டு.) ஆனால் நீங்கள் இப்படியெல்லாம் விவரிக்க வேண்டியதில்லை. ‘ஸ்வாம்ப் பாப்’ என்று லூசியானாக்காரர்கள் சொல்லும் வகை இது என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால், கேட்பவர்கள் மிச்சத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

பாட்டை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள் என்பதை மட்டும் உளறிவிடாதீர்கள். ராபர்ட் பிளான்ட் 1984-இல் ‘ஹனிடிரிப்பர்ஸ்’ குழுவோடு பாடியதாக இருக்கலாம். அது 3-ஆம் இடம்வரை ஏறியது. கேட் பவர் 2000-இல் பாடியதாகவும் இருக்கலாம். 1989-இல் அல் பசீனோ துப்பறியும் போலீஸ்காரராக நடித்த படத்துக்குப் பெயரே ‘சீ ஆஃப் லவ்’. பிணம் கிடக்கும் அறையில் சுற்றிக்கொண்டிருப்பது இந்தத் தட்டுதான். ஹாலிவுட்டே துப்பாக எடுத்து நீட்டிய பாட்டை ‘யாருமே அறியாத பொக்கிஷம்’ என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். அது உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

‘திடீரென்று காணாமல் போனார்’ என்ற வாக்கியம் கட்டாயம். அவர் அதே மாநிலத்தில், ஜென்னிங்ஸ் ஊரின் கேஜெஇஎஃப் வானொலியில் டிஜேவாக இருந்தவர். ரேடியோவைத் திருகினால் குரல் கேட்கக்கூடிய மனிதர் எப்படிக் காணாமல் போவார் என்று யாராவது கேட்டால், பேச்சை மாற்றுங்கள். 2020 மார்ச் 14-இல், தன் 94-ஆவது பிறந்தநாளன்றே காலமானார். இதைத் தாராளமாகச் சேர்க்கலாம், உருக்கத்துக்கு உதவும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காதீர்கள். பாட்டின் பெயருக்குக் கீழே, எழுதியவர்கள் என்று பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும்: ஒன்று பாப்டிஸ்ட், இன்னொன்று கூரி. காதலியிடம் மன்றாடியவர் ஒருவர், பாட்டில் பங்கு இருவருக்கு. அந்தக் காலத்தில் இது சகஜம்; சக் பெர்ரியின் ‘மேபலீன்’ பாட்டிலேயே டிஜே ஆலன் ஃப்ரீடின் பெயர் ஏறியிருந்தது. ‘சீ ஆஃப் லவ்’ பாட்டால் தன் கைக்கு வந்தது 6,800 டாலர்தான், தனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று ஃபில் பிலிப்ஸ் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் எழுதினால் கட்டுரை கணக்கு நோட்டாகிவிடும். ‘காலம் மறந்தது’, ‘விதி விளையாடியது’ என்று போடுங்கள். காலமும் விதியும் ராயல்டி பாக்கி வைப்பதில்லை. யார் மனமும் புண்படாது.

நல்ல வரவேற்பு கிடைத்தால், அடுத்த மாதத்துக்கு ரோஸி ஹாம்லின் தயாராக இருக்கிறார். 14 வயதில் ‘ஏஞ்சல் பேபி’ எழுதியவர். 1960-இல் கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில், ஒரு பழைய விமானக் கொட்டகையில் பதிவான பாட்டு. சாக்ஸஃபோன்காரர் வராததால் பேஸ் வாசித்த பையனே அதை எடுத்து ஊதினான், கேட்டாலே தெரியும். ஜான் லெனனுக்கு உயிரான பாட்டு. தட்டில் எழுதியவர் என்று அச்சானதோ குழுவில் வயதில் மூத்தவரின் பெயர். ஆகவே இங்கேயும் லேபிள் பக்கம் போகாதீர்கள். முதல் கட்டுரையிலேயே ஊரையும் பேரையும் மாற்றிக்கொண்டால் போதும். விதி அப்படியே இருக்கட்டும்.