லைனிங் வைத்த ஜாக்கெட்

“ஒரு ஜாக்கெட் வாங்கிட்டேன். பன்னெண்டாயிரம்” என்று நண்பர் வீட்டுக் கூடத்தில் அறிவித்தபோது சமையலறையில் மிக்ஸி நின்றது. அவர் மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு சொல்தான்.

“ஆருக்குங்க?”

நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை என்பதை நான்கு மாத ஆராய்ச்சியில் மனிதர் அடியோடு மறந்திருந்தார். பதறிப்போய், “எனக்குத்தான். பைக்குல போறப்போ போடறது. மூணு அடுக்கு. உள்ள ரெண்டு லைனிங்” என்றார். தெளிய வேண்டிய குட்டை இன்னும் கலங்கியது. மூலையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஏங்கண்ணு, நம்ம டெய்லரு லைனிங் வெச்சு நானூறு ரூவாய்க்குத் தெச்சுத் தர்றானே. மூணு நாள்ல குடுத்துருவான்.”

கோயம்புத்தூரில் இப்போது தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். வீட்டுக் கடனில் பாதி அடைந்திருக்கும். வாசலில் உறை போர்த்திய கனத்த பைக் ஒன்று நிற்கும். ஆபீசுக்குப் போவதென்னவோ மனைவியின் ஸ்கூட்டரில்தான், பைக்கை நிழலில் நிறுத்த இடம் கிடைக்காதாம். பைக் வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஊட்டிக்கு. ஊட்டி இங்கிருந்து 85 கிலோமீட்டர் சொச்சம். அரசுப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய் வருகிறவர்கள் உண்டு. ஆனால் நம்மவரைக் கேட்டால் அது ஒரு படையெடுப்பு.

“மேட்டுப்பாளையம் முந்நூத்திச் சொச்சம் மீட்டர். ஊட்டி 2,240. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறரை டிகிரி குறையும். கணக்குப் போட்டுப் பாரு, 12 டிகிரிக்கு மேல வித்தியாசம்!” என்பார். கணக்கு சரிதான். அதோடு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கத்துச் சரிவில் வந்து முட்டிக்கொண்டு கொட்டும் என்பதும் உண்மைதான். ஆக, காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பாலையில் வேர்த்து, முல்லையில் நனைந்து, குறிஞ்சியில் நடுங்க வேண்டிய பயணம். சங்கப் புலவர்கள் திணைக்கு ஒரு பறை, ஒரு யாழ் என்று வைத்தார்கள், லைனர் வைக்க விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை ஜாக்கெட் கம்பெனிகள் தீர்த்துவைத்தன. வெயிலுக்குக் காற்று நுழையும் வலைத்துணி மேலே. மழைக்குத் தண்ணீர் புகாத லைனர் உள்ளே. குளிருக்குப் பஞ்சு வைத்த லைனர் அதற்கும் உள்ளே. எது வேண்டுமோ ஜிப்பால் பூட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம். கேட்கும்போது என்ன சுகம்!

வாங்கப் போன அன்று நானும் உடன் இருந்தேன். கடையில் ஏசி ஊட்டியை விடக் குளிராக இருந்தது. மூன்றடுக்கையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர், குளிர் விட்டுப்போனதில் அங்கேயே மயங்கிவிட்டார். லைனர் இரண்டையும் கழற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோள் இறங்கி, கை தொங்கி, பெரியப்பா சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி ஆனார். ஒரு சைஸ் குறைத்தால் வெறும் வலைக்குப் பொருந்துகிறது, பஞ்சு லைனரை மாட்டினால் வயிற்றுப் பக்கம் ஜிப் ஏற மறுக்கிறது. கடைப்பையன் சமாதானமாக, “பெருசே எடுத்துக்கோங்ணா, பின்னால செட் ஆயிரும்” என்றான். பள்ளிக்கூட யூனிபாரம் எடுக்கும்போது நம் அம்மாக்கள் சொன்ன அதே வார்த்தை. வளர்கிற பிள்ளை! எந்தப் பக்கம் வளர்வார் என்பது பையனுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் வைக்கிற காப்புப் பட்டைகளை அவர் உருவி எடுத்து, முத்திரையைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினார். ஐரோப்பியச் சோதனையில் 50 ஜூல் ஆற்றலில் ஓர் அடி அடிப்பார்கள். தோள், முழங்கைப் பட்டையைத் தாண்டி உள்ளே போகிற விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 20க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. பல ஜாக்கெட்டுகளில் முதுகுக்கு வெறும் ஸ்பாஞ்சு வைத்துத் தள்ளிவிடுவார்கள், தலையணைக்கு ஆகும், தார்ரோட்டுக்கு ஆகாது. அதையும் பிடுங்கிக் காட்டி, தனியாகக் காசு கொடுத்து நல்ல பட்டை வாங்கினார். ஆனால் தொளதொளவென்ற ஜாக்கெட்டில் அந்தப் பட்டை விழுகிற நேரத்தில் முழங்கையில் நிற்காது, நழுவி வேறெங்கோ போய்விடும். அதைச் சொன்னேன். “அதான் ஸ்ட்ராப் இருக்குதல்ல” என்று இறுக்கிக் காட்டினார். துணிக்கும் தரவரிசை உண்டு. ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏறும். இதை வீட்டில் பெருமையாகச் சொல்லப்போக, அம்மா, “டிரிபிள் ஏவா? டிவி ரிமோட்டுக்கு ரெண்டு வேணும், வாங்கிட்டு வந்தியா?” என்றாராம்.

முதல் படையெடுப்பு ஐப்பசி ஞாயிறு ஒன்றில் நடந்தது. அவர் முன்னால், நான் என் பழைய ஸ்கூட்டரில் பின்னால். செல்போனில் மூன்று வானிலைச் செயலிகள் வைத்திருந்தார். மூன்றில் எது மோசமாகச் சொல்கிறதோ அதைத்தான் நம்புவார். ஒன்பது மணிக்கு மழை என்று அது சொன்னதால், வீட்டிலேயே மழை லைனரை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காரமடை தாண்டுவதற்குள் நல்ல வெயில். காற்றுப் புகாத லைனருக்குள் மனிதர் இட்லிக் குண்டானில் வைத்த மாதிரி வெந்துகொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, முணுமுணுத்தபடியே லைனரை உரித்து, சுருட்டி, பைக்குப் பின்னால் கட்டினார். கல்லாறு கடந்து மலை ஏறத் தொடங்கினோம். பர்லியாறு நெருங்கும்போது பிடித்தது பாருங்கள் மழை.

இங்கேதான் உள் லைனரின் சூட்சுமம் தெரியும். அதை மாட்ட வேண்டும் என்றால் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மழையில் மாட்டுவதற்காக மழையிலேயே கழற்ற வேண்டும். ஒரு மரத்தடியில் பனியனோடு நின்று, ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு, ஜிப்பின் வாயைத் தேடினார். கைப்பகுதியில் லைனரைப் பிடித்து நிறுத்த டிச் பட்டன்கள் உண்டு. இடது கைப் பட்டனை வலது கையில் பூட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவியபோது மனிதர் சாக்குக்குள் மாட்டிய பூனை மாதிரி ஆனார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு டிவிஎஸ் பெரியவர் வண்டியை நிறுத்தினார். மூட்டைக்கு அடியிலிருந்து ஓர் உரச்சாக்கை உருவி, ஒரு மூலையை உள்ளே தள்ளி, கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அரை நிமிடம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம். நம்மவர் கடைசி ஜிப்பை இழுத்து மூடியபோது மழை நின்றிருந்தது.

அவரிடம் நான் பார்த்த விசேஷம் இது: எந்த நேரத்திலும் அவர் கடந்துவந்த வானிலைக்குப் பொருத்தமாக உடுத்தியிருப்பார்.

லைனர் உள்ளே இருந்ததால் உடம்பு நனையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெளித்துணி மழையை மொத்தமாகக் குடித்திருந்தது. வெளிப் பையில் வைத்திருந்த வண்டிக் காகிதங்கள் ஊறிக் கூழாகியிருந்தன. ஈரத்துணி மேல் மலைக்காற்று பட்டால் என்ன ஆகும் என்று மண்பானைக்குத் தெரியும். ஒரு சாதாரண வலை ஜாக்கெட்டும், அதற்கு மேலே மாட்டிக்கொள்ள இரண்டு சைஸ் பெரிய மழைக்கோட்டும், பையில் ஒரு ஸ்வெட்டரும் இருந்தால் போதும் என்பது என் கட்சி. கழற்ற வேண்டியதில்லை, மேலே போட்டுக்கொண்டால் முடிந்தது. ஆனால் அதைக் கடைக்காரர் ஒரே பொருளாக விற்க முடியாது, நண்பரும் நான்கு மாதம் ஆராய முடியாது.

குன்னூரில் பல் கிட்டித்துவிட்டது. டீக்கடையில் இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துக் கடைக்காரருக்கு இரக்கம் வந்தது. “நெஞ்சுல ஒரு பேப்பர வெச்சு ஜிப்பப் போடுங் சார், காத்து உள்ள வராது” என்று முந்தின நாள் செய்தித்தாள் ஒன்றை நீட்டினார். பால்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம்தான். பன்னெண்டாயிரம் ரூபாய் ஜாக்கெட்டுக்குள் மூணாவது அடுக்காகப் போய் உட்கார்ந்த அந்த ஒற்றைத்தாள், குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது.

“பஞ்சு லைனர் இருக்குதே, அத எடுத்து மாட்டலாமல்ல?” என்று ஊட்டியில்தான் கேட்டேன்.

“அதத்தான் இப்ப எடுக்கப் போறேன்” என்று கம்பீரமாகப் பையைத் திறந்தார். வேட்டி இருந்தது, துண்டு இருந்தது, சங்கிலிக்கு அடிக்கிற எண்ணெய் டப்பா இருந்தது. லைனர் இல்லை. மூன்று முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டு, நடுங்கும் விரலால் வீட்டுக்குப் போன் போட்டார். சுற்றியிருந்த சுற்றுலாப் பயணிகளுக்கெல்லாம் கேட்கும்படி அம்மாவின் குரல் ஒலித்தது.

“அந்தப் பஞ்சு வெச்ச ஜாக்கெட்டுங்களா கண்ணு? வெடியால கோயிலுக்குப் போறதுக்கு நல்லா இதமா இருக்குதுன்னு நாந்தான் எடுத்து வெச்சேன். கை மட்டும் கொஞ்சம் நீளம். டெய்லருகிட்டக் குடுத்து ரெண்டு இஞ்சு வெட்டச் சொல்லிருக்கறேன். மூணு நாள்ல குடுத்துருவான்.”