உயிர்ச் சான்று கேட்கும் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மத்திய அறங்காவலர் வாரியம், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம், புது தில்லி.

அனுப்புநர்: ஓய்வூதியர்கள், ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.

பொருள்: உயிர்ச் சான்று விதியைக் கம்பெனிகளின் ரொக்க இருப்புக்கும் விரிவுபடுத்துதல் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய வாரியத்தாருக்கு,

1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியமாக மாதம் 1,000 ரூபாய் பெறும் முதியவர், தாம் இன்னும் சாகவில்லை என்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும், தவறினால் பணம் நின்றுவிடும் என்று வாரியம் வகுத்துள்ள நெறி, பொதுப்பணத்தின் மீது அதற்குள்ள அக்கறையைக் காட்டுவதாகும். சுரங்கத்தில் பாறையைத் துளைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்க மறுத்தாலும், வாரியத்தின் விழிப்பை இவ்வூரார் மெச்சவே செய்வர்.

ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்பதை, அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று தாமே எழுதித் தெரிவிக்கும்வரை, அந்தப் பணத்திடம் எவரும் ரேகை கேட்கவில்லை. இருப்பை வங்கியிடமே நேரில் கேட்டு உறுதிசெய்வது தணிக்கையின் அரிச்சுவடியாக இருக்க, பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியத் தணிக்கையாளர்கள் அந்த உறுதிக் கடிதங்களின் போக்குவரத்தையே சத்யத்தின் கையில் விட்டிருந்ததாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் கண்டது.

சத்யத்தின் பங்குகள் நியூயார்க்கிலும் விற்கப்பட்டதால் வழக்கும் அங்கே நடந்தது. ஏமாந்தோர் சார்பில் வழக்கை முன்னின்று நடத்தும் முதன்மை வாதிகளுள் மிசிசிப்பி அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியும், தங்கவயலார் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாக, பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் இருந்தன. 1880 முதல் இவ்வூர்ப் பொன்னை எடுத்துச் சென்ற ஜான் டெய்லர் கம்பெனியின் நாட்டில், கரி வெட்டியவருக்குக்கூட வழக்காடும் நிதி ஒன்று வாய்த்திருக்கிறது. சத்யம் 12.5 கோடி டாலரும் தணிக்கையாளர்கள் 2.55 கோடி டாலரும் தந்து 2011இல் சமரசமாயினர். மும்பைச் சந்தையில் வாங்கி இந்தியாவிலேயே வாழ்ந்தவருக்கு அதில் சல்லிக்காசும் இல்லை.

அக்காலத்தில் வாரியத்திடம் பங்குகள் இல்லை. 2015 ஆகஸ்டில்தான் புதிய வரவில் 5 விழுக்காடும், பின்னர் 15 விழுக்காடும் சந்தைக்குச் சென்றன. அதுவும் குறியீட்டிலுள்ள கம்பெனிகள் அனைத்தையும் ஒரே பொட்டலமாக வாங்கும் இ.டி.எஃப். வழியாகவே சென்றது. கம்பெனிச் சட்டத்தின் 245ஆம் பிரிவு 2016 ஜூன் முதல் கூட்டு வழக்குக்கு இடமளித்தாலும், பங்குப் பதிவேட்டில் பெயருள்ளவரும் வைப்புதாரரும் மட்டுமே அதைத் தொடுக்க முடியும். பொட்டலம் வாங்கியவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது. கோர்ட்டுப் படி ஏறும் தொல்லையே நேராதபடி முதலீடு செய்திருக்கும் இந்த முன்யோசனை மிசிசிப்பிக்காரருக்குத் தோன்றாமற்போனது வியப்பே.

ஆகவே, கம்பெனிகளின் ரொக்கமும் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து தன் இருப்பை மெய்ப்பிக்க ஆணையிடுமாறும், அது இயலாதெனில் தணிக்கையாளர் சத்யத்துக்கு அளித்த சலுகையையே ஓய்வூதியருக்கும் அளிக்குமாறும் வாரியம் வேண்டப்படுகிறது.

இணைப்பு: விண்ணப்பதாரர் உயிரோடிருப்பதாக விண்ணப்பதாரரே எழுதி, விண்ணப்பதாரரே சரிபார்த்த சான்று.