கயிறு தெரிஞ்சா கதை கெட்டுருமா?

ஏத்தா பேத்தி, பேய் தொங்குற கயிறு தெரியுதுன்னு கெக்கெக்கேன்னு சிரிக்கிறியே, சிரிச்சு முடிச்சுட்டுக் கிழவன் சொல்றதையும் கேட்டுக்க.

2017 டிசம்பர் 24. ‘ஹ்வாயுகி’ங்கிற டிவி நாடகத்தோட ரெண்டாவது பாகம். கொரியாவுல டிவிஎன் சேனல். பேயெல்லாம் அந்தரத்துல பாயணும்; பாஞ்சுச்சு, கட்டுன கயித்தோட. கம்ப்யூட்டர்ல கயித்தை அழிக்க நேரமில்லையாம். சேனல்காரன் விளம்பரத்தைப் போட்டான், போட்டான், போட்டுக்கிட்டே இருந்தான். சோப்பு வித்தே விடிஞ்சிரும்போலன்னு சனம் நினைக்கையில, நாடகத்தைப் பாதியிலயே சாத்திட்டான். மூணாவது பாகத்தையும் தள்ளிப் போட்டான்.

“அப்ப இது குப்பை”ங்கிற. அவசரப்படாத. கதையைப் பாத்தியா?

சீனத்துப் பழைய குரங்கு ராசா கதைதான். அதை ஹாங் ஜங்-யூன், ஹாங் மி-ரான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு உரிச்சுப் புதுசா முடைஞ்சிருக்காளுக. சிறையில கெடக்குற குரங்கு ராசாவை ஒரு சின்னப் புள்ள விடுவிக்குது. “என் பேரைச் சொல்லிக் கூப்பிடு, ஓடி வர்றேன்”னு சத்தியம் பண்ணுறான். பண்ணிட்டு, அந்தப் பேரையே அவ நெனப்புலருந்து உருவிட்டுப் போயிர்றான்! ஓட்டுக் கேட்டு வந்துட்டுப் போறவன்கூட இம்புட்டு நேர்த்தியா ஏமாத்த மாட்டான்.

அவ வளந்து, பேய் புடிச்ச வீட்டை மலிவா வாங்கி, பேயைத் தொரத்திட்டு நல்ல வெலைக்கு விக்கிறா. கதையில வர்ற அசுர ராசாவோ நடிகருகளை வளத்துவிடுற கம்பெனி நடத்துறான், பொருத்தமான தொழிலுதான். அவளைத் தின்னா பலம் கூடும்னு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த குரங்கு ராசா கையில ஒரு வளையலை மாட்டிவிட்டுர்றா. மூலக்கதையில அது தலையை நெரிக்கிற பட்டை. இங்க மாட்டுனவ மேலயே காதலைக் கொண்டாந்துருது. அது அவன் மனசா, வளையல் பண்ற வேலையான்னு அவனுக்கே தெரியல. இருபது பாகத்தையும் இழுத்துட்டுப் போக அந்த ஒரு முடிச்சு போதும்த்தா.

அப்ப கோளாறு எங்க? வாரத்துக்கு ரெண்டு பாகம், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல. பல நாடகத்துக்குக் காலையில எடுத்து ராத்திரியே ஓட்டுன ஊரு அது. வசனமும் துண்டு துண்டா வரும். அதுல எழுதுறவங்களுக்கும் பங்கு உண்டு, நான் மறைக்கல.

சிரிக்க முடியாத சேதி ஒண்ணும் இருக்கு. கயிறு தெரிஞ்ச அந்த ராத்திரிக்கு முந்தின நாளு, அரங்கத்துல சரவிளக்கு மாட்ட ஏறுன தொழிலாளி கீழ விழுந்து, இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிட்டாரு. கயித்தை ஊரே பாத்துச்சு. விழுந்தவரை எத்தனை பேரு பாத்தாங்க? 2018-ல வாரத்துக்கு 52 மணி நேரம்தான் வேலைன்னு அங்க சட்டம் போட்டாங்க; டிவிக்காரனுக்கு இருந்த விலக்கையும் எடுத்தாங்க.

அதனால சிரி, தாராளமாச் சிரி. ஆனா கயிறு கட்டுனவனைப் பாத்துச் சிரிக்காத. தேதி குறிச்சவனைப் பாத்துச் சிரி. அந்த வளையலைக் குரங்கு கையில மாட்டி என்ன பிரயோசனம்? முதலாளி கையில மாட்டிவிட்டிருந்தா, வேலைக்காரன் மேலயும் கொஞ்சம் ஆசை வந்திருக்கும்ல!