காணாத மோதல்

கேள்வி: ஐயா, எங்கள் ஆலையிலுள்ள ஃபானக் ரோபோவின் கைக்கு நாற்புறமும் ஓர் ஈ கூட இல்லை, ஆயினும், எதன்மீதோ மோதிவிட்டதாக எஸ்ஆர்விஓ-050 என்னும் அலாரத்தைக் காட்டி நின்றுவிடுகிறதே, அது பொய் சொல்லுமா?

பதில்: அந்தச் சாமர்த்தியம் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை. கண்ணில்லாத அந்தக் கண்ட்ரோலர், இவ்வளவு பாரத்தை இவ்வளவு வேகத்தில் நகர்த்த மோட்டாருக்கு இவ்வளவு மின்னோட்டம் போதும் என்று சதா கணித்துக்கொண்டேயிருந்து, உண்மையில் செலவாவது அந்தக் கணக்கை வரம்பு மீறித் தாண்டும்பொழுது, எங்கோ இடித்துவிட்டோம் என்று அநுமானம் செய்துகொள்கிறது. ஆகையால், பாரம் 5 கிலோ என்று அதில் பதிந்துவிட்டு 15 கிலோ கிரிப்பரை ரோபோவின் கையில் மாட்டிய புண்ணியவான் யாரென்று முதலில் விசாரியுங்கள். அவர் தம்மைத் தவிர ஏனையோர் அனைவரையும் சுட்டிக்காட்டுவார். பாரம் சரியாயின், முழுதும் விடுபடாத பிரேக்கையும், மின்னழுத்தக் குறைவையும், குளிர்ந்த காலையில் இறுகிக் கிடக்கும் கிரீஸையும் பாருங்கள். மோதலை உணரும் சக்தியையே குறைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று எவரேனும் யோசனை சொன்னால், மெய்யாகவே மோதும் தினத்தில் உடையப்போகும் கிரிப்பரின் விலையை இப்பொழுதே அவர் பெயரில் பற்று எழுதிவிடுங்கள்.