கதை எழுதுகிறவனைப் பார்

டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தக் கம்பெனியின் வருடாந்தரத் திருவிழாவான ரெஸில்மேனியா நெருங்கிவிட்டால் எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் ஜோசியம் களைகட்டிவிடும். மச்சான் ஒரு கட்சி, அவர் மகள் ஒரு கட்சி, மாடி வீட்டு சொல்தா தாத்தா தனிக்கட்சி. எந்தச் சண்டையில் யார் ஜெயிப்பார் என்று பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, பக்கத்திலேயே கையெழுத்தும் போட வேண்டும். அப்புறம் மாற்றிப் பேச முடியாது.

மச்சான் பலத்தை அளக்கிற ஆள். டிரம்ப் கார்டு ஆடி வளர்ந்தவர். உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று அந்த அட்டைகளைத்தான் இன்றைக்கும் மனசுக்குள் புரட்டுகிறார். ஏழடி இருந்தால் ஜெயிப்பான், அவ்வளவுதான். 2006இல் கிரேட் காளி அண்டர்டேக்கரைச் சாய்த்தது அவருக்கு வேதவாக்கு. அதே காளி 2007 ஜூலையில் வாங்கிய பட்டத்தை செப்டம்பரிலேயே பட்டிஸ்டாவிடம் பறிகொடுத்தாரே என்றால், "அது அரசியல் மாமா" என்பார்.

அரசியல்தான், வேறென்ன? அடிக்கிறவனை விட்டுவிட்டு, கதை எழுதுகிறவனைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இதில் ரகசியமே கிடையாது. 1989இலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், விளையாட்டுக்கான கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதற்காக, இது வெறும் கேளிக்கைதான் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. வரி என்றால் ஊமையும் பேசுவான். ஆகவே என் கணக்கு வேறு: முந்தின வாரம் எதிரியை மல்லாத்திப் போட்டு பெல்ட்டைத் தூக்கிக் காட்டியவன் தோற்பான். சொந்த ஊரில் இறங்குகிறவன் தோற்பான். சினிமா வாய்ப்பு வந்தவன் தோற்பது மட்டுமல்ல, ஸ்ட்ரெச்சரிலேயே போவான். ஷூட்டிங் முடிகிறவரை ஆளைக் காணாததற்குக் காரணம் வேண்டுமல்லவா?

2023 செப்டம்பர் 8ஆம் தேதி ஹைதராபாத் கச்சிபௌலியில் டபிள்யூ.டபிள்யூ.இ. வந்து இறங்கியபோது மச்சான் அட்டை முழுக்க நம் ஊர்க்காரர்களையே எழுதினார். "விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனையே அடிப்பானா?" என்பது வாதம். அடித்தான். ஏழடி ஷாங்கி குந்தரிடம் வீழ்ந்தார். வீர், சங்கா ஜோடியை ஓவன்ஸும் சாமி ஜெயினும் கவனித்துக்கொண்டார்கள். தோற்றவர் செலவு என்பதால் அன்று ராத்திரி மச்சான் கணக்கில் எல்லோருக்கும் பரோட்டா.

எனக்கே தண்ணி காட்டியது 2014தான். ஏப்ரல் 7, திங்கட்கிழமை காலை; நியூ ஆர்லியன்ஸில் ஞாயிறு ராத்திரி. ரெஸில்மேனியாவில் 21 முறை ஜெயித்து ஒருமுறைகூடத் தோற்காத அண்டர்டேக்கர், பிராக் லெஸ்னரிடம் தோற்றார். அரங்கத்தில் ஒரு ஆள் கண்ணும் வாயும் பிளந்து நின்றதை உலகமே பார்த்தது. எங்கள் வீட்டிலும் அதே முகங்கள்தான். அட்டையில் லெஸ்னர் என்று எழுதியிருந்தது மச்சான் மகள் மட்டும், அப்போது அவளுக்கு ஆறு வயசு. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றேன். "அந்தத் தாத்தாவுக்குத் தூக்கம் வருது மாமா."

சொல்தா தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, அதாவது 'சொல்தா'வாக, இருந்தவர். இந்த மல்யுத்தத்தை 'காட்ச்' என்றுதான் சொல்வார். அறுபதுகளில் பிரான்ஸ் டிவியில் வெள்ளை முகமூடி போட்ட லான்ஷ் பிளாங் குதித்ததை உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டுவார். முழங்கால் இடம் தராதபோது கை மட்டும் குதிக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியதையும் அவர்தான் சொன்னார்: குத்துச்சண்டைக்குப் பந்தயம் கட்டலாம், காட்சுக்குக் கட்டுவதில் அர்த்தமே இல்லையாம். படுகளத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதானே நாமும் திரௌபதியம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். பீமன் ஜெயிப்பானா என்று அங்கே யாராவது பந்தயம் கட்டுகிறோமா? இத்தனையும் பேசிவிட்டு, "அட்டையக் குடு" என்று கை நீட்டுவார்.

அவர் எழுதுவது எப்போதும் ஒரே பெயர், பிரான்சில் பிறந்த ராட்சதர் ஆந்த்ரே. 1987இல் ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "முதுகு ஆப்பரேஷன் பண்ண மனுஷன். போனாப் போவுதுன்னு தூக்கவுட்டாரு."

ஆந்த்ரே 1993இலேயே காலமாகிவிட்டார். அதை எடுத்துச் சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வருவதில்லை. யூரோவில் பென்ஷன் வாங்குகிற மனுஷன் வருஷா வருஷம் தோற்பதில் பரோட்டா கடைக்காரருக்கும் ஆட்சேபணை இல்லை.