சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின மருமவனுக்கு

ஏலே மருமவனே, மெயின்ஃபிரேம்ல லினக்ஸ் ஏத்தப் போறேன்னு மூணு நாளா உறக்கமில்லாமத் திரியுதியாமே! கெர்னல் மெனுவைத் திறந்து வச்சுக்கிட்டு, பந்தியில எது வந்தாலும் இலையைக் காட்டுதவன் மாதிரி எல்லாத்துக்கும் 'ஒய்' போடுதியாம். நல்லாரு. இலையும் உன்னுது, வயிறும் உன்னுது. மாமன் பேச்சை ஊறுகாயா ஓரத்துல வச்சுக்க.

அந்த மெனுவுல வார 'டாஸ்டி'ங்கறது ஐபிஎம்காரன் வட்டுக்கு வச்ச பேரு. 1999 கடைசியில ஜெர்மனியில போப்ளிங்கன் ஆய்வகத்துக்காரங்க இந்த இரும்புப் பொட்டிக்கு லினக்ஸைக் கொண்டாந்தப்ப, பேரும் கூடவே வந்துட்டு. அந்த டாஸ்டி டிரைவருக்கு 'ஒய்'யா, 'எம்'மாங்கறதுலதான் சூட்சுமம். 'ஒய்' போட்டா டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்கும். 'எம்' போட்டா டிரைவர் தனி மாட்யூலா வட்டுல கிடக்கும். வட்டைத் திறக்க டிரைவர் வேணும், டிரைவரோ வட்டுக்குள்ள! இனிட்ராம்டிஸ்க்ல அதைச் சேக்காம விட்டேன்னா, ரூட்டைக் காணோம்னு கெர்னல் அலறிட்டு அப்படியே நின்னுரும். சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின புத்திசாலின்னு ஊரு உன்னைக் கொண்டாடும்.

அடுத்து அதே மெனுவுல, வட்டோட பேசுத வழியா இசிகேடி, எஃப்பிஏ, டயாக்னு மூணு பேரு நிக்கானுவ. மூத்தவன் இசிகேடி. 1964-ல சிஸ்டம்/360 கூடப் பொறந்த வட்டு முறையோட வாரிசு. 3390 வட்டுல ஒரு டிராக்குக்கு 56,664 பைட்டு கொள்ளும். டாஸ்டிஃபார்மட் கட்டளை போடும்போது பிளாக்கை 4096-ன்னு வச்சா 12 பிளாக்கு, 49,152 பைட்டு தேறும். 512-ன்னு வச்சா 49 பிளாக்கு, 25,088 பைட்டுதான். குட்டிக் குட்டிப் பாத்தியா வெட்டினா வரப்புக்கே பாதி வயலு போயிரும்லா, அதே கணக்குதான்.

எஃப்பிஏ ஒரே அளவு கட்டம் போட்ட வட்டு. இப்ப அதை, ஒரே பொட்டியைப் பல பொட்டியாக் காட்டுத இசட்/விஎம்மோட வேஷ வட்டாத்தான் அதிகம் பாப்ப. டயாக், இசட்/விஎம் வீட்டுல விருந்தாளியா இருக்கவனுக்குத்தான். இசட்/விஎம் இல்லாம, பொட்டியோட தனிப் பங்கான எல்பார்ல ஓட்டுதவன் அதுக்கு 'ஒய்' போடுதது, கிணறே இல்லாத காட்டுக்குக் கமலை வாங்குத கதை.

இன்னொண்ணு. 'பார்ட்டிஷன் டைப்ஸ்' பக்கத்துல ஐபிஎம் டிஸ்க் லேபிள்னு ஒரு வரி கிடக்கும். அதை விட்டுட்டு, "வட்டு தெரியுது, பார்ட்டிஷன் தெரியலை மாமா"ன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போன் அடிக்காத. டாஸ்டி மெனுவுல வார ப்ரொஃபைலிங்ங்கறது கணக்கப்பிள்ளை, வட்டு மந்தமா ஓடுதுன்னு சந்தேகம் வந்தா எவ்வளவு நேரம் எங்க போவுதுன்னு சொல்லுவான்.

ஃபார்மட் போடுததுக்கு முன்னால எல்எஸ்டாஸ்டி கட்டளை அடிச்சு, எந்த நம்பர்ல எந்த வட்டுன்னு ரெண்டு தடவை பாரு. 0.0.0150-க்கும் 0.0.0151-க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அழிஞ்சது உன் சோதனை வட்டா, ஆபீஸ் கணக்கு வட்டான்னு டாஸ்டிஃபார்மட்டுக்குத் தெரியாது.

புதுக் கெர்னல் ஏத்தினா, பூட் பதிவை எழுதுத ஜிப்ல் கட்டளையை ஓட்ட மறக்காத. ஓட்டலைன்னா பொட்டி அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. பழைய கெர்னலையும் பூட் மெனுவுல விட்டு வையி. புது மாடு பால் கறந்து காட்டுத வரைக்கும் பழைய மாட்டைச் சந்தைக்கு ஓட்டப்படாதுலே.